ஆண்டவருக்கு ஒரு பிடி

என் கணவரைப் போல் கவலைப்படத் தெரிந்த ஒருவரை நான் இந்த வயது வரைக்கும் பார்த்ததில்லை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, சம்பளம் இல்லை என்று கவலை. வெயில் அடித்தால் ரப்பர் மரத்தில் பால் குறையும் என்று கவலை. இரண்டும் இல்லாமல் வானம் மூடிக்கொண்டிருந்தால், இது எதில் போய் முடியுமோ என்று தனியாக ஒரு கவலை. கல்யாணமான புதிதில் இதைப் பொறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஆறு மாதத்தில் எனக்குத் தெளிந்துவிட்டது.

அப்போது நாங்கள் கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்கார சர்க்கார் நாட்டில் அவசரகாலம் போட்டிருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு அது வேலி போட்ட காலம். தோட்டத்துக்கு அப்பால் காடு, காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள். தோட்டத்து ஆட்கள் கையிலிருந்து ஒரு மணி அரிசிகூட அவர்களுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று சர்க்கார் முடிவு செய்தது. அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களைக் காலி பண்ணி, எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள்.

காலையில் பால் வெட்டப் போகும்போது கேட்டில் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். முதல் நாள் அவள் என் கொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவியபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், வேலை முடிந்து வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். பால் வெட்டுகிற இடத்தில் பசியாறுவதற்கு ஒரு துண்டு ரொட்டி கொண்டுபோகக் கூடாது. கோப்பி கொண்டுபோகலாம், ஆனால் அதில் சீனி இருக்கக் கூடாது. வேலிக்குள் கடை வைத்திருந்த பாய், டின் பாலை விற்கும்போதே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அதை யாரும் காட்டுக்கு அனுப்பி வைக்க முடியாதாம். பாவம், ஒவ்வொரு முறை ஆணியை அடிக்கும்போதும் தன் வீட்டுப் பிள்ளையை அடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அரிசிக்கு அட்டை. வாரம் ஒருமுறை போடுவார்கள். வேலைக்குப் போகிற ஆளுக்கு ஓர் அளவு, வீட்டில் இருப்பவருக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. அந்த வாரத்து அரிசியை அந்த வாரமே சாப்பிட்டுவிட வேண்டும். சேர்த்து வைத்தால் காட்டுக்காரர்களுக்காக வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். பிடித்தால் லோரியில் ஏற்றுவார்கள். லோரியில் ஏறியவர்களில் சிலர் தடுப்பு முகாமுக்குப் போனார்கள், சிலரைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

லோரி என்றால் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பயம். ஜப்பான்காரன் காலத்தில் என் அப்பாவை ஒரு லோரியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள், சயாமில் ரயில் பாதை போட. நானும் அம்மாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா திரும்பி வரவில்லை. எங்கே செத்தார், யார் புதைத்தார்கள் என்று சொல்வதற்கும் ஓர் ஆள் வரவில்லை.

நாங்கள் வேதக்காரர்கள். அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த சீதனம் என்று பார்த்தால் ஒரு பழக்கம்தான். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், அளந்து எடுத்ததிலிருந்து ஒரு பிடியை ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டுவிட வேண்டும். கைப்பிடி அரிசி என்போம். மாதம் ஒருமுறை டவுனிலிருந்து உபதேசியார் சைக்கிளில் வருவார். யாராவது ஒரு வீட்டில் ஜெபம் நடக்கும். முடிந்ததும் எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டிக்கொண்டு போவார். விதவை வீடு, சீக்காளி வீடு என்று பார்த்து அதைக் கொடுப்பார்கள்.

கிழங்கு தின்று உயிர் பிழைத்த ஜப்பான்காரன் காலத்திலும் என் அம்மா ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து ஒதுக்கி வைப்பாள். அப்பாவை ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கும் வைத்தாள். ஒதுக்கி வைத்துவிட்டு அழுதாள். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் கை தானாக அரிசிக்குப் போகும். முதல் பிடியை அவரிடம் கொடுத்துவிட்டால் மிச்சத்தைப் பற்றி யோசிப்பது அவர் பொறுப்பு. என் கணவர் ராப்பகலாகச் செய்துகொண்டிருந்த வேலையை நான் இப்படி ஒரு பிடியில் முடித்துவிடுவேன். அரிசி போட ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருந்தேன். சுவரில் தொங்கிய சிலுவைக்குக் கீழே ஒரு பலகை அடித்து, டின்னை அதில் வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தேன். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

வேலி போட்ட சில மாதத்தில் தோட்டத்துக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றாகப் போய் நின்றார்கள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறவர்கள், ஒரே உயரம், ஒரே வயது. உடம்பெல்லாம் பார்த்தபிறகு துப்பாக்கியைக் கையில் கொடுத்து, குறி பார்க்க ஒரு கண்ணை மூடச் சொன்னார்களாம். என் கணவருக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை. மூடினால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவன் எங்களுக்கு வேண்டாம் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு என் கணவர் கண்ணாடி முன்னால் நின்று பழக ஆரம்பித்தார். ஒரு விரலால் ஒரு கண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திறந்து பார்ப்பார். யாரைப் பார்த்து இப்படிக் கண்ணடிக்கிறீர்கள் என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் சிரித்தேனே தவிர, அவருக்கு அது சிரிப்பாக இல்லை. மனிதர் உள்ளுக்குள் ஒடிந்துபோயிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் காக்கி உடுப்பு, தொப்பி, பூட்ஸ், துப்பாக்கி எல்லாம் வந்தன. லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் பலகைத் தடுப்புதான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் சத்தம் கேட்டால், இந்தப் பக்கம் என் கணவர் சாப்பிட்ட கையோடு எழுந்து வெளியே போய்விடுவார். நேற்று வரைக்கும் கூட நின்று பால் வெட்டியவன் இன்று கேட்டில் நின்று என் சட்டைப் பைக்குள் கையை விடுகிறான் என்பார். அவன் வீட்டுக்கு இனிமேல் குறை ஏது, நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் யார் இருக்கிறார்கள் என்பார். ஆண்டவர் இருக்கிறார் என்று நான் சொன்னால், அவருக்கும் அட்டை போட்டிருப்பார்கள் என்று முணுமுணுப்பார்.

அந்தக் கான்ஸ்டபிளின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், அப்போதுதான் மூன்றாவது பிறந்திருந்தது. பால் வெட்டப் போவதை நிறுத்தியிருந்தாள். காண்டா கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, தோள்பட்டை எரிய நான் வேலையிலிருந்து திரும்பும்போது, அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். கொடுத்து வைத்தவள் என்று எனக்கும் தோன்றத்தான் செய்யும். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவள், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். உத்தியோகக்காரர் பெண்டாட்டி ஆகிவிட்டாள் அல்லவா என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் உபதேசியார் வருவது நின்றுபோனது. தோட்டத்துக்குள் வர அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஒரு மாதம் பார்த்தோம், இரண்டு மாதம் பார்த்தோம். மற்ற வேதக்கார வீடுகளில் டின்னைக் கவிழ்த்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். நான் அதைத் தப்பென்று சொல்லவில்லை, எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. நான் போட்டுக்கொண்டே இருந்தேன். டின் நிறைந்துகொண்டே வந்தது.

என் கணவர் முதலில் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் கோபமாகச் சொன்னார். அந்தச் சண்டை இப்போதும் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

“யாருக்குலா இது போவப்போவுது? வண்டுதான் தின்னுது.”

“குடுத்ததைத் திரும்ப எடுக்கச் சொல்றீங்களா? வண்டு தின்னா அது அவர் பாடு.”

“போலீஸ்காரன் வந்து கேட்டா அவர் வந்து பதில் சொல்வாரா?”

“சொல்வாரு.”

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிச் சொல்வார் என்று எனக்கு மட்டும் என்ன தெரியும். வாய்க்கு வந்தது, சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அதை நம்பினேன். என் சுபாவம் அப்படி.

ஒரு நாள் பால் ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், சிலுவைக்குக் கீழே பலகை காலியாக இருந்தது. வெள்ளைத் துணி மட்டும் மடித்து வைத்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் வீடு வீடாகச் சோதனை நடந்ததாம். கேள்விப்பட்டதும் என் கணவர் எனக்கு முன்னால் ஓடிவந்து, டின்னை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் அது காணிக்கை, இப்போது நீங்கள் அதைத் திருட்டுச் சாமான் ஆக்கிவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்க அப்பா போனது மறந்துபோச்சா என்று கேட்டார்.   டின் விறகுக்குப் பின்னாலேயே இருந்தது. நான் மட்டும் பிடி போடுவதை விடவில்லை. தினமும் குனிந்து இரண்டு கட்டையை நகர்த்தி, போட்டுவிட்டு, மறுபடி கட்டையை அடுக்குவேன்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் தலை சாய்க்கிற நேரத்தில் இரண்டு லோரி வந்து நின்றது. எல்லாரையும் வெளியே வந்து பெரட்டுக் களத்தில் நிற்கச் சொன்னார்கள். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற அந்த வெட்டவெளியில், உச்சி வெயிலில், லயமே வரிசையாக நின்றது. வெளியிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். தோட்டத்துக் கான்ஸ்டபிள்களைக் களத்தைச் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியோடு லோரிக்குப் பக்கத்தில் நின்றார்.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு போலீஸ்காரன் வெளியே வந்தான். பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். டின் மேலே விறகுத் தூசி.

அதிகாரி ஓர் இளம் வெள்ளைக்காரர். வெயிலில் முகம் சிவந்து உரிந்திருந்தது. தோட்டத்து ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அவருக்குப் பக்கத்தில் நின்று தமிழை ஆங்கிலமாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வீடு என்று கேட்டதும் என் கணவர் முன்னால் போனார். நானும் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், நான்தான் வைத்தேன், என் பெண்டாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றுக்கும் பயந்த மனிதர், அந்த ஒரு நிமிடம் பயப்பட மறந்துவிட்டார்.

அது ஆண்டவருடைய அரிசி என்று நான் சொன்னேன். கிராணி அதை மொழிபெயர்த்ததும் லோரியில் இருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அரிசியை வாங்கிக்கொண்டு போகிற ஆள் எங்கே என்று கேட்டார். மாதக் கணக்கில் வரவில்லை என்றேன். மற்ற வேதக்கார வீடுகளில் இப்படி டின் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சாமிக்கு வைத்த அரிசி என்றால் ஏன் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய் என்று என் கணவரிடம் கேட்டார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  நேர்மையான மனிதர் யாரும் கேட்கக் கூடிய கேள்விதான் அது.

அதிகாரி கையைக் காட்டினார். இரண்டு பேர் என் கணவரை லோரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏறச் சொன்னார்கள். அவர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். எனக்கு ஜெபம் வரவில்லை.  லோரியின் பின்பலகை மட்டும்தான் தெரிந்தது, அதில் என் அப்பா உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. ஆண்டவர் பதில் சொல்வார் என்று சொன்ன அதே வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்போது வரிசையிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தாள். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவர் துப்பாக்கியோடு நின்ற இடத்திலிருந்தே, வரிசைக்குத் திரும்பிப் போ என்பது போல் தலையை அசைத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நேராகக் கிராணியிடம் போனாள்.

“தொரகிட்டச் சொல்லுங்க. அது சாமிக்கு வெச்சதுதான். எனக்குத் தெரியும்.”

உனக்கு எப்படித் தெரியும் என்று கிராணி கேட்டார்.

“சத்தம் கேக்குங்க. அவ ஒல வெக்கிறப்பல்லாம் டின்னுல ஒரு பிடி விழும். ஒரு வேள தவறாது. உள்ள விழுற சத்தந்தான் கேப்பேன். எடுக்கிற சத்தம் ஒரு நாளும் கேட்டதில்ல. முந்தியெல்லாம் மேல பலககிட்ட கேக்கும். இப்பக் கொஞ்ச நாளாத்தான் அடுப்புப் பக்கம் கேக்குது. அவரு பயந்துக்கிட்டு மாத்தி வெச்சிருப்பாரு. அவரு பயப்படுறதும் எங்களுக்குக் கேக்கும்.”

வரிசையில் இரண்டொருவர் தங்களை அறியாமல் சிரித்துவிட்டார்கள். கிராணி ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் யாருடைய மனைவி என்று யாரோ அவர் காதில் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் அரிசி விழும் சத்தத்தை நீ ஏன் இத்தனை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அக்கா பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

“எங்க வீட்ல அரிசி இல்லீங்க. பசிக்கிறவளுக்கு அந்தச் சத்தம் கேக்காம இருக்குமா?”

 நான் அவள் கணவரைப் பார்த்தேன். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கான்ஸ்டபிள்களுக்குச் சாப்பாடு காவல் கொட்டகையில். அவர் பங்கு அரிசி வீட்டு அட்டையிலிருந்து வெட்டப்பட்டு அங்கே போய்விட்டது. அவள் வேலைக்குப் போகாததால் அவள் பங்கும் குறைந்தது. கையில் சம்பளம் இருந்தது, ஆனால் அட்டைக்கு மேல் ஒரு மணி அரிசியைப் பாய் விற்க முடியாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அரிசி கை மாறினாலே விசாரணை. கான்ஸ்டபிள் வீட்டுக்காரி அரிசி கேட்டு வந்தாள் என்று பெயர் வந்தால் அவருடைய வேலைக்கே ஆபத்து என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் கொட்டகையில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் சாப்பிட்டாச்சா என்று கேட்பாராம். ஆச்சு என்று சொல்லிவிடுவாளாம். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துப் புழுங்கிய வீடு அதுதான்.

கிராணி டின்னுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடி அரிசியை அள்ளிக் காட்டினார். கையெல்லாம் வண்டு ஊர்ந்தது. விற்கவோ கொடுக்கவோ வைத்திருந்தால் இப்படி ஆக விட்டிருப்பார்களா என்று தன் பங்குக்கு அவரும் சொன்னார் போலிருக்கிறது. அதிகாரி குனிந்து வண்டுகளைப் பார்த்தார். பிறகு அரிசியைப் பறிமுதல் செய்யச் சொன்னார். என் கணவர் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். இனி ஒரு பிடி அதிகமாக இருந்தாலும் ஆளை விட மாட்டேன் என்றார். இறங்கு என்று கையைக் காட்டினார்.

என் கணவர் காலைப் படியிலிருந்து எடுத்தார். எடுத்தவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஊர் பார்க்கிறது என்ற வெட்கம் எல்லாம் அப்போது எங்கே இருந்தது. லோரி கிளம்பிக் கேட்டைத் தாண்டிப் போகும்வரை நாங்கள் அசையவில்லை.

பொழுது சாய அடுப்பை மூட்டினேன். அரிசியை அளந்தேன். கை பழக்கத்தில் ஒரு பிடியை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் போட இடமில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் பிடியை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு அதையும் அரிசியோடு சேர்த்து உலையில் போட்டேன். வெந்ததும் முதல் அகப்பையைத் தட்டில் போட்டு, இன்னும் இரண்டு அகப்பை போட்டு, மேலே கொஞ்சம் கருவாட்டுக் குழம்பை ஊற்றினேன். வேகாத அரிசி கை மாறினால்தான் குற்றம். வேலிக்குள் சோற்றை யாரும் கேட்பதில்லை. என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. நாளைக்கு நமக்குப் போதுமா என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானம் லோரிப் படியில் கால் வைத்துவிட்டு வந்த மனிதர், சாயங்காலமே நாளைக் கவலையை ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர் மேல் அன்று வந்த பாசம் கொஞ்சமில்லை. நாளைக்கும் உலை வைப்பேன் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா தட்டை வாங்கினாள். வேண்டாம் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. அதுவே அவள் பட்டினியை எனக்குச் சொல்லிவிட்டது. ஆனால் பிள்ளைகள் தட்டுக்குப் பாய்ந்தபோது, இருங்கடா என்று அதட்டி, முருகன் படத்துக்கு முன்னால் தட்டை ஒரு நிமிடம் வைத்து எடுத்தாள். உங்க சாமி குடுத்தது, எங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிக்கிறேன் என்றாள். பிறகு உருட்டி உருட்டி இரண்டு பேர் வாயிலும் போட்டாள்.  கூரையை எட்டாத பலகைத் தடுப்புக்கு மேலே எல்லாம் கேட்கிற லயத்தில், எனக்கு இந்த வீட்டுப் பசி மட்டும் கேட்காமல் போயிருந்தது.

அவள் கணவர் அப்போது வீட்டில் இல்லை. அட்டை விஷயமாகக் கிராணியைப் பார்க்கப் போயிருந்தார். ஏன் அக்கா வந்து சொன்னீர்கள், உங்க வீட்டுக்காரர் வேலை போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவளிடம் கேட்டேன்.

அவள் அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

“எரிச்சலாத்தான் இருக்கும் புள்ள. சாமிக்குப் போடுற அளவுக்கு இவளுக்கு இருக்கு, நமக்கு இல்லியேன்னு பல்லக் கடிச்சிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன். போன மாசம் ஒனக்குக் காய்ச்சல் வந்து நீ படுத்திருந்தல்ல, அன்னிக்கு ஒல வெக்கல. சத்தம் வரல. எனக்குப் பயமாப் போச்சு. இவளே விட்டுட்டான்னா அப்புறம் சாமி இங்க யாரு வீட்லதான் இருக்குன்னு தோணுச்சு. மறுநாள் கேட்டப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு.”

பிள்ளை வாயைத் துடைத்துவிட்டாள்.

“இன்னிக்கு ஒன் வீட்டுக்காரர ஏத்திட்டுப் போயிட்டா, நாளைக்குக் காலையில அந்தச் சத்தம் கேக்காதுல்ல.”